அறுபத்துநாலு தும்மல்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட முடியவில்லை. ஒரு தையல் இயந்திரம் அதன் மேல் எழுபத்தொரு துண்டுகளாகக் கிடந்தது.

துண்டுகளை அம்மா ஏழு தட்டுகளில் பிரித்து வைத்திருந்தார். பெரிய சக்கரம் ஒரு தட்டில், கடுகு அளவுத் திருகுகள் இன்னொரு தட்டில். "மேசையை யாரும் இடிக்கக் கூடாது. மூச்சு விடறதுன்னாகூட அந்தப் பக்கம் திரும்பி விடுங்க" என்று காலையிலேயே உத்தரவு போட்டுவிட்டார். அதனால் நான்கு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை முடித்தார்கள்.

தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதுதான் அம்மாவின் தொழில். அதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. இயந்திரத்தைக் கழற்றும்போது படிப்படியாகச் சின்னக் கேமராவில் படம் எடுப்பார். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஆல்பம் மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறிப்பு எழுதுவார். திரும்ப மாட்டும்போது கடைசிப் படத்தில் தொடங்கி முதல் படத்துக்கு வருவார். வேலை முடிந்ததும் அந்தப் படங்களை அழித்துவிடுவார். இந்த முறையில் இதுவரை ஒரு திருகுகூட மிச்சமானதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

ஆனால் இன்றைக்கு மணி இரண்டரை ஆகியும் ஆல்பம் திறக்கவில்லை.

"காலையிலேர்ந்து ரெண்டு தடவை ஆச்சு. ஒரு மணி நேரம் சுத்திக்கிட்டே இருக்கு. அப்புறம் பட்டுனு தானா மூடிக்குது" என்றார் அம்மா. மூன்றாவது தடவையாக அதைத் தட்டிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

கடிகாரத்தைப் பார்க்கக் காரணம் இருந்தது. அந்த இயந்திரம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் தையல் அக்காவுடையது. நாளைக் காலை அவர் வேறு ஊரில் ஒரு தையல் கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். சொந்த இயந்திரத்தோடு வருபவர்களுக்குத்தான் அங்கே வேலை. பஸ் இன்று மாலை ஆறு மணிக்கு. அதை விட்டால் நாளை மதியம்தான் அடுத்த பஸ்.

"மிஷின் இல்லாமப் போய் நின்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்கக்கா" என்று புதன்கிழமையே சொல்லிவிட்டுப் போயிருந்தார். உள்ளே தேய்ந்துபோயிருந்த பல்சக்கரத்துக்குப் பதில் புதியது இன்று காலையில்தான் வந்து சேர்ந்தது. இனி எல்லாவற்றையும் மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

"கேமராவுல படம் இருக்குமேம்மா?" என்று கேட்டாள் மகள்.

அவளுக்குப் பத்து வயது. வீட்டில் அவளைப் 'பட்டாசு' என்று கூப்பிடுவார்கள். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். சில சமயம் அது வேறு கேள்விக்கான பதிலாக இருக்கும்.

"கேமராவுல இடம் ஏது? ஏத்தின உடனே அழிச்சிட்டேன்."

"அப்ப ஆல்பம் வேணாம். கம்ப்யூட்டர்ல படங்களை நேராத் திறந்து பார்க்கலாமே!"

"படம் கிடைக்கும். என் குறிப்பு கிடைக்காதே. அது ஆல்பத்துக்குள்ளதான் இருக்கு." அம்மா உள்ளங்கையில் இரண்டு குட்டி ஸ்பிரிங்குகளை வைத்து நீட்டினார். "இதுல எது இடது பக்கம், எது வலது பக்கம்? சொல்லு பார்ப்போம்."

பட்டாசு உற்று உற்றுப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

"மாத்திப் போட்டா என்னம்மா ஆகும்?"

"முதல் தையல்லயே நூல் அறுந்துடும். இந்த மாதிரி மிஷினை நான் இதுக்கு முன்னாடி பிரிச்சதே இல்ல. குத்துமதிப்பா மாட்ட முடியாது."

அப்போது அண்ணன் வந்தான். அவன் எட்டாம் வகுப்பு. கம்ப்யூட்டர் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் அவன்தான்.

"வைரஸா இருக்கும்" என்றான். "அந்த ஆல்பத்தையே தூக்கிட்டுப் புதுசா போட்டுடலாம். பத்து நிமிஷ வேலை."

"தூக்கினா அம்மா எழுதின குறிப்பு?" என்றாள் பட்டாசு.

அண்ணன் தலையைச் சொறிந்தான். "அது... போயிடும்னு நினைக்கிறேன்."

"நீ ஒண்ணும் நினைக்க வேண்டாம். அதுல கையே வைக்காதே" என்றார் அம்மா. "பட்டாசு, நீ இங்கேயே உட்காரு. திறந்த உடனே என்னைக் கூப்பிடு. நான் அதுக்குள்ள துண்டுகளைத் துடைச்சு எண்ணெய் போடறேன்."

பட்டாசுக்கு ஒரு இடத்தில் உட்காருவது என்பது பல் வலியை விடப் பெரிய கஷ்டம். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மறுபேச்சு பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை நாளும் ஆல்பத்தைத் தட்டிவிட்டு, எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அது திறக்கும் வரை எதிரில் உட்கார்ந்தவர் யாருமில்லை. அதனால் திரையின் கீழ் மூலையை யாரும் கவனித்ததும் இல்லை. அங்கே தபால்தலை அளவில் சின்னச் சின்னப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'சரிபார்க்கப்படுகிறது: 19,284 படங்களில் 912.'

"பத்தொன்பதாயிரமா!" என்று பட்டாசு வாயைப் பிளந்தாள்.

அவர்கள் வீட்டில் அவ்வளவு படங்கள் கிடையாது. ஏழு மாதங்களுக்கு முன் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனபோது, அதிலிருந்த படங்கள் எல்லாம் அதோடு போய்விட்டன. அப்பா அந்தப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் கடை கடையாக அலைந்தார். ஒருவராலும் படங்களை மீட்க முடியவில்லை. இரண்டாம் நாள் இரவு அப்பா சாப்பிடவும் இல்லை. பிறகு சித்தி, மாமா, பெரியப்பா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு முந்நூறு படங்களைச் சேர்த்தார். அவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது. அம்மா புதன்கிழமை எடுத்த நாற்பத்திரண்டையும் சேர்த்தால் முந்நூற்று நாற்பத்திரண்டு.

மிச்சம் எங்கிருந்து வந்தது?

அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூலையில் அண்ணனின் படம் ஒன்று ஓடியது. சித்தி வீட்டில் எடுத்தது. சரியாக அவன் தும்மும் நேரத்தில் சித்தி கேமராவை அழுத்திவிட்டார். கண் இரண்டும் மூடி, வாய் குகை மாதிரி திறந்து, மூக்கு நெற்றிக்கே ஏறியிருந்தது. பட்டாசு சிரித்தாள்.

ஒரு நிமிடம் கழிந்தது. அண்ணன் மறுபடியும் தும்மினான்.

பட்டாசு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். இன்னும் ஒரு நிமிடம். திரும்பவும் அதே குகை, அதே மூக்கு.

ஆறு தும்மல் வரை பொறுத்துப் பார்த்தாள். அவளுக்கு அதுவே பெரிய சாதனை.

"அண்ணா! சித்தி வீட்டுல நீ எத்தனை தடவை தும்மின?"

"ஒரு தடவைதான். அதைத்தான் படம் பிடிச்சு மானத்தை வாங்கிட்டாங்களே. ஏன்?"

"இங்க ஆறு தடவை தும்மிட்டே. வந்து பாரு."

அண்ணன் வந்து பார்ப்பதற்குள் ஏழாவது தும்மலும் வந்தது. அவன் முகம் சிவந்தது. ஆனாலும் மூளை வேலை செய்தது. பத்தொன்பதாயிரத்துச் சொச்சத்தை முந்நூறால் வகுத்தான்.

"அறுபத்துநாலு வருது. அப்ப ஒவ்வொரு படமும் அறுபத்துநாலு தடவை இருக்கு!"

"அப்ப ஆல்பம் ஒரு மணி நேரமா உன் தும்மலைத்தான் எண்ணிக்கிட்டு இருக்கா?"

"ஏய்!"

இருவரும் 'படங்கள்' என்ற ஃபோல்டரைத் திறந்தார்கள். உள்ளே படங்கள் இருந்தன. கூடவே ஆறு ஃபோல்டர்களும் இருந்தன. 'பத்திரம் 1', 'பத்திரம் 2' என்று தொடங்கி 'பத்திரம் 6' வரை. பத்திரம் 6க்குள் போனால் மறுபடியும் எல்லாப் படங்களும் இருந்தன. அத்தோடு பத்திரம் 1 முதல் 5 வரை. பத்திரம் 5க்குள் போனால், படங்களும் பத்திரம் 1 முதல் 4 வரையும்.

"நான் சொன்னேன்ல, வைரஸ்தான்!" என்றான் அண்ணன்.

"வைரஸ் போய் 'பத்திரம்'னு பேர் வைக்குமா?"

அந்த வீட்டில் 'பத்திரம்' என்று சொல்பவர் ஒரே ஒருவர்தான். பட்டாசு தெருவைக் கடந்தால் பத்திரம். சுடுதண்ணீரைத் தூக்கினால் பத்திரம். குடையைக் கையில் கொடுத்தால் அதற்கும் ஒரு பத்திரம். அவர் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரின் முன் உட்காருவார். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்தியான முகத்தோடு வெளியே வருவார். பத்திரம் 6 நேற்றுத்தான் உருவாகியிருந்தது. நேற்று முதல் தேதி.

பட்டாசு ஒரு தாளில் பெட்டிகளாக வரைந்தாள். முதல் மாதம் அப்பா எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து, அதே ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறார். ஒன்று இரண்டானது. அடுத்த மாதம் அந்த நகலையும் சேர்த்து நகல் எடுத்திருக்கிறார். இரண்டு நான்கானது. பிறகு எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. நேற்று அறுபத்துநாலு.

"அம்மா! போன தடவை ஆல்பம் திறக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"புதன்கிழமையா? அரை மணி" என்று பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. "அதுக்கு முந்தின மாசம் கால் மணி இருக்கும். ஆரம்பத்துல ஒரே நிமிஷம்தான். ஏன், திறந்துடுச்சா?"

"இல்லம்மா! ஆனா திறந்துடும்!"

அண்ணன் பால்கனியைப் பார்த்து வாயைத் திறந்தான். "அப்பா! எல்லாம் உங்களால..."

பட்டாசு பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். அப்பா சாப்பிடாமல் படுத்த அந்த இரவு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவரிடம் போய் 'உங்களால' என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"நீ பேசாதே. நான் பேசறேன்" என்றாள்.

அப்பாவுக்கு லிஃப்ட் பராமரிக்கும் வேலை. விடுமுறை நாளிலும் கை சும்மா இருக்காது. பால்கனிக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு லிஃப்டுக்கு எத்தனை கயிறு?"

லிஃப்ட் என்றதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. "எங்க கட்டடத்துல ஆறு கம்பிக் கயிறு. ஒண்ணே தாங்கிடும். இருந்தாலும் ஆறு போடுவோம். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும் பாரு."

"ஆறையும் ஒரே கொக்கியில மாட்டிடுவீங்களா?"

"ஐயையோ! அந்தக் கொக்கி போனா ஆறும் போயிடுமே! ஒவ்வொண்ணுக்கும் தனித் தனியாப் பிடி இருக்கும்."

"அப்ப நம்ம வீட்டுல 'பத்திரம்' ஆறும் எந்தக் கொக்கியில மாட்டியிருக்குப்பா?"

அப்பா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பின்னால் வந்தார். திரையையும், தாளில் இருந்த பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். மூலையில் அண்ணன் ஒரு தடவை தும்மிவிட்டுப் போனான்.

"ஆறும் இதே கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்கு" என்றார் மெதுவாக. "இது போச்சுன்னா எல்லாம் போச்சு. அது மட்டுமில்ல, பத்திரத்தையும் சேர்த்துப் பத்திரம் பண்ணியிருக்கேன்." பிறகு தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். "நாளெல்லாம் கயித்தோட வேலை செய்யறேன். இது தோணலையே எனக்கு!"

"அதனாலதான் ஆல்பம் திணறுது. எல்லாத்தையும் அழிச்சுடலாம்" என்று அண்ணன் மௌஸில் கை வைத்தான்.

அப்பாவின் கை அதற்கு முன்னால் அங்கே இருந்தது. "அழிக்காதே!" மௌஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தப்பா ஏதாவது அழிஞ்சுட்டா? கேட்டு வாங்கின படம்டா எல்லாம்."

"ஒண்ணையும் அழிக்க வேண்டாம்ப்பா" என்றாள் பட்டாசு. "ஆல்பம் 'படங்கள்' ஃபோல்டரைத்தானே பார்க்குது? பத்திரம் ஆறையும் அதுக்கு வெளிய எடுத்து வெச்சுடலாம். நீங்களே எடுத்து வைங்க."

அப்பா யோசித்தார். சரியென்று தலையாட்டினார்.

ஓடிக்கொண்டிருந்த ஆல்பத்தை மூடினார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தார்.

"மூடிட்டீங்களா? இருபது நிமிஷம் ஓடியிருக்கே! மணி மூணு ஆகப்போகுது. அந்தப் பொண்ணு வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?" அம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன. தொழிலில் சொன்ன வாக்கை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

"ஒரே ஒரு நிமிஷம்மா. நிஜமாவே ஒரு நிமிஷம்" என்றாள் பட்டாசு.

அப்பா ஆறு பத்திரங்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். ஆல்பத்தைத் திறந்தார். கீழ் மூலையில் படங்கள் ஓடின. அண்ணன் ஒரு தடவை தும்மினான். அவ்வளவுதான், திரையின் நடுவில் ஒரு கேள்வி வந்து நின்றது.

'18,942 படங்களைக் காணவில்லை. பட்டியலிலிருந்து நீக்கலாமா? ஆம். இல்லை.'

"ஆம் கொடு, ஆம் கொடு!" என்று அண்ணன் குதித்தான். அப்பா மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவருக்குத் தைரியம் இல்லை.

பட்டாசு அவசரப்படவில்லை. அந்த வரியை வாய்விட்டு இரண்டு தடவை படித்தாள். "பட்டியல்லேர்ந்துதான் நீக்கும். படம் நாம எடுத்து வெச்ச இடத்துல இருக்கும்" என்றாள். இருந்தாலும் சந்தேகம் எதற்கு என்று, வெளியே வைத்த பத்திரம் 1ஐத் திறந்து பார்த்தாள். முந்நூறு படங்களும் இருந்தன. அடுத்து, தாளில் ஒரு கழித்தல் கணக்குப் போட்டாள். 19,284இல் 18,942 போனால் மிச்சம் 342. வீட்டுப் படம் முந்நூறு, அம்மாவின் படம் நாற்பத்திரண்டு. கணக்குச் சரியாக வந்தது.

"ஆம்" என்று சொல்லி அழுத்தினாள்.

ஆல்பம் திறந்தது. தையல் இயந்திரத்தின் நாற்பத்திரண்டு படங்களும் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் கீழும் அம்மாவின் குறிப்போடு. முப்பத்தெட்டாவது படத்தின் கீழ் இப்படி இருந்தது: 'முனை கொஞ்சம் நீளமாக இருக்கும் ஸ்பிரிங் இடது பக்கம்.'

அம்மா பட்டாசின் கன்னத்தைப் பிடித்து ஒரு தடவை கிள்ளிவிட்டு, மேசைக்கு ஓடினார். கையில் எண்ணெய் இருந்ததால் பட்டாசின் கன்னம் கறுப்பானது.

அதன் பிறகு வீட்டில் யாரும் உட்காரவில்லை. பட்டாசு நாற்பத்திரண்டாவது குறிப்பிலிருந்து பின்னோக்கி உரக்கப் படித்தாள். அண்ணன் திருகுகளை எடுத்துக் கொடுத்தான். அப்பா விளக்கைப் பிடித்தார். இருபதாவது குறிப்பில் மணி நாலரை. ஒன்பதாவது குறிப்பில் தையல் அக்கா ஒரு பெரிய பையோடு வாசலில் வந்து நின்றார். மேசையைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"அக்கா, மணி அஞ்சேகால்..."

"இன்னும் ஒம்போது படம்தான். வந்து உட்காரும்மா" என்றார் அம்மா, தலை நிமிராமல்.

ஐந்து முப்பத்தைந்துக்கு ஏழு தட்டுகளும் காலியாகிவிட்டன. ஒரு திருகுகூட மிச்சமில்லை. தையல் அக்கா நூலைக் கோத்து, ஒரு துணித் துண்டை ஊசியின் கீழே வைத்தார். கைச்சக்கரத்தைச் சுற்றினார். ஊசி ஏறி இறங்கியது. நூல் அறுபடவில்லை. அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் தையல் நேராக வந்தது. தையல் அக்கா அந்தத் துண்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கண் கலங்க அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் அழுவலாம். இப்ப பஸ்!" என்றாள் பட்டாசு.

அப்பாவும் அண்ணனும் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்பிய பிறகுதான் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனாலும் சேர்ந்துவிட்டார்கள். தையல் அக்கா ஜன்னலோர இருக்கையில், இயந்திரத்தை மடியில் அணைத்தபடி புறப்பட்டுப் போனார்.

மறுநாள் காலை. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா எல்லாப் படங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டு, சித்தி வீட்டில் கொடுத்து வைப்பதற்காக உறையில் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் ஃபோன் அடித்தது.

"ஹலோ" என்றார் அம்மா. எதிர்ப்பக்கம் பதில் இல்லை. ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசையின் மேல் வைத்தார்.

கடகடகடவென்று ஒரே சீராக ஒரு தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பட்டாசு ஒற்றைக் காலில் அப்படியே நின்றாள். அண்ணன் புத்தகப் பையைக் கீழே வைத்தான். சத்தம் நின்றது. கத்தரிக்கோல் நூலை வெட்டும் ஓசை கேட்டது.

"அக்கா" என்றது தையல் அக்காவின் குரல். "முதல் சட்டைக்குக் காலர் வெச்சுட்டேன். மேலாளர் வந்து பார்த்துட்டு, நாளையிலேர்ந்து ஜன்னல் பக்கத்து இடம் உனக்குன்னு சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. சரி, வேலை நேரம், வெச்சுடறேன்."

"வெச்சுடாதேம்மா!" என்றார் அம்மா. "நீ பாட்டுக்கு அடுத்த சட்டையைத் தை. நாங்க கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு இருக்கோம்."